பாலர் கல்வியில் யோகமும் சுற்றாடலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“பச்சிளம் பாலகருக்கு யோகம் எதற்கு?” என்று பெரியோர் சிலர் வினவுகின்றனர். “யோகம் நன்றுதான், அதற்கும் குப்பை கூட்டுவதற்கும் என்ன தொடர்பு?” என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர். இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பது நமது கருத்து.

2014ஆம் ஆண்டு டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை யூன் 21ஆம் நாளைச் சர்வதேச யோகா தினமாகப் பிரகடனஞ் செய்தது. அடுத்த ஆண்டு முதல் அந்நாள் நம் நாட்டிலும் கொண்டாடப்பட்டு வருகின்றது. சிறுவர் மேடையேறி உடலை வளைத்துக் காட்டுவது கண்ணுக்கு இனிய காட்சியே. ஆனால் விழா முடிந்த திடலெங்கும் வெறும் போத்தல்களும் பிளாஸ்டிக் கோப்பைகளும் சிதறிக் கிடக்குமாயின், அங்கே நிகழ்ந்ததை யோகம் என்னலாமா?

பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு எட்டு உறுப்புக்கள் கூறினார். நம் திருமூல நாயனாரும் அட்டாங்க யோகம் உரைத்தார். அவ்வெட்டினுள் ஆசனம் மூன்றாவதாகவே வருகின்றது. முன்னிற்பவை இயமமும் நியமமும். எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை, பிறர் பொருள் கவராமை, வேண்டாதவற்றைச் சேர்க்காமை, தூய்மை, உள்ளது கொண்டு மகிழ்தல், தவம் என்பன இவற்றுள் அடங்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இவற்றைச் சொல்லால் விளக்குதல் அரிது. செயலால் விளக்குதல் எளிது.

செடியின் இலையை வீணே பறியாதிருப்பது கொல்லாமையின் முதற்பாடம். தாகத்துக்கு வேண்டிய அளவு நீரை மட்டும் வார்த்து, எஞ்சியதைப் பூங்கன்றுக்கு ஊற்றுவது மிகை விரும்பாமை. பொலித்தீன் உணவுத்தாள்களை 2017இல் அரசாங்கம் தடை செய்தது. சட்டத்துக்கு அஞ்சியன்றி, வழக்கத்தினாலேயே பிள்ளை வாழையிலையிலும் கழுவி எடுக்கும் பாத்திரத்திலும் உணவு கொண்டுவரட்டும். விளையாட்டுப் பொருள்களைப் பனையோலைப் பெட்டியில் அடுக்கட்டும். உதிர்ந்த சருகைப் பசளைக் குழியில் இடட்டும்.

ஆசனங்களின் பெயர்களையே பாருங்கள்: மரம், பாம்பு, தவளை! மரம்போல் ஒற்றைக் காலில் நிற்கும் பிள்ளை முற்றத்து வேம்பைப் பார்த்து நிற்கட்டும். தவளைபோல் அமரும் பிள்ளை, வயலிலே பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவுவது அத்தவளை என்பதையும் அறியட்டும். 1944இல் இலங்கைக்கும் வந்த மரியா மொண்டிசோரி அம்மையார், சிறுவர் அசையாதிருந்து ஓசைகளைச் செவிமடுக்கும் மௌனப் பயிற்சியைத் தம் கல்விமுறையில் வைத்தார். சிறிது நேரம் கண்மூடிக் குயிலையும் அணிலையும் கேட்பது மனத்தை ஒருமுகப்படுத்துதற்கு நல்ல தொடக்கமாகும்.

மூச்சை அடக்குங் கும்பகம் பாலருக்கு வேண்டாம். பூவை முகர்வதுபோல் இழுத்து மெல்ல விடுதல் போதும். அங்ஙனம் இழுக்கும் காற்றிலே, மதிலுக்கு அப்பால் எரியும் பொலித்தீனின் நச்சுப் புகை கலந்திருந்தால் அப்பயிற்சியாற் பயன் யாது? எறிந்த கோப்பையில் தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு பெருகுகின்றது. 2017இல் மட்டும் நம் நாட்டில் 1,80,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டதாகப் பதிவாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்படையில் ஊறி நிற்கும் மாரி மழையே நம் கிணற்று நீர். மண்ணில் நாம் இடும் அழுக்கு பிள்ளையின் குவளைக்கே திரும்பி வரும்.

வாலிப அன்பர்களே! அறநெறிப் பாடசாலை தோறும் ஒரு பசளைக் குழி வெட்டித் தாருங்கள். பெரியோர்களே! மரங்களின் பெயரையும் பயனையும் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தாருங்கள். விஜயதசமியன்று ஏடு தொடக்கும் ஒவ்வொரு பிள்ளையின் கையாலும் ஒரு கன்று நாட்டுவிப்போம். மாரி தொடங்குங் காலமாதலின் அது வேர்கொள்ளும். பின்னர்ப் பங்குனி, சித்திரை வெயிலிலே நாள்தோறும் மறவாது அதற்கு ஒரு செம்பு நீர் வார்ப்பதே அப்பிள்ளையின் தவம். அத்தவத்துக்குத் துணைநிற்பது நம் அனைவருக்கும் உரிய கடமையாகும்.