யன்னல் பக்கம் யாருக்கு?



ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் நம்மவர்கள் வீடு வாங்கியதும் அடுத்துக் கதைக்கிற விசயம் பேஸ்மென்ட். திருத்தி எடுத்தால் வாடகைக்கு விடலாம், ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்கு ஓர் அறை ஆகும், பிள்ளைகள் மிருதங்கம் பழக இடம் வரும். கனடாவுக்கு வந்த புதிதில் நம்மில் எத்தனையோ பேருக்கு முதல் வீடே ஒரு பேஸ்மென்ட்தான். அங்கே இருந்து பார்த்தவர்களுக்கு அதன் இருட்டும் ஈரமும் தெரியும்.

ரொறன்ரோவில் குளிர்காலத்தில் நிலம் ஏறத்தாழ 4 அடி ஆழம்வரை உறையக்கூடும். அத்திவாரம் அதற்கும் கீழே போக வேண்டும். அவ்வளவு தோண்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டி ஒரு தளமாகவே ஆக்கிவிடுகிறார்கள். ஆகவே பேஸ்மென்ட் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது ஈர மண்.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை வெறும் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளின் அடியில் வியர்த்திருந்தால் கொங்கிறீற்றுக்குள்ளால் ஈரம் வருகிறது. அந்தத் தரையில் கார்ப்பெட் வேண்டாம். டிரைவோலைத் தரையில் முட்டாமல் அரை அங்குலம் தூக்கி அடிக்கச் சொல்லுங்கள். அடிப்பட்டி அந்த இடைவெளியை மறைத்துவிடும்.

2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. நகரெங்கும் பேஸ்மென்டுகளுக்குள் வெள்ளம். இப்படியான மழையில் கழிவுநீர்க் குழாய் வழியாகவும் தண்ணீர் திரும்பி ஏறும். அதைத் தடுக்கும் பேக்வாட்டர் வால்வுக்கு ரொறன்ரோ நகரசபை உதவித்தொகை வைத்திருக்கிறது. தரையை மூடுவதற்கு முன்னரே பிளம்பரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

இனி அறைகளைப் பிரிக்கும் கதை. பல வீடுகளில் யன்னல் உள்ள பக்கம் சோபாவுக்கும் பாருக்கும் போய்விடுகிறது. படுக்கை அறை நடுவில் இருட்டில் கிடக்கிறது. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ரீவிக்கு வெளிச்சம் தேவையில்லை, சலவை மெஷினுக்கும் தேவையில்லை. அங்கே தூங்கி எழும்புகிற மனிதருக்குத்தான் தேவை. படம் கீறும்போதே யன்னல் பக்கத்தை அவருக்குக் கொடுங்கள். நெருப்புப் பிடித்தால் அந்த யன்னலால்தான் அவர் வெளியே வர வேண்டியிருக்கும். தப்பி வரும் யன்னல் என்றால் திறக்கும் வழி 0.35 சதுர மீற்றராவது இருக்க வேண்டும், திறப்போ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்கவும் வேண்டும். பழைய வீடுகளின் ஒடுங்கிய யன்னலுக்கு அந்த அளவு வராது. கொங்கிறீற்றை வெட்டிப் பெருப்பிக்க வேண்டும். அதற்கு நகரசபையின் அனுமதிப் பத்திரம் வேண்டும், காசும் போகும். பாருக்கு ஒதுக்கிய காசை இதற்குப் போடுங்கள்.

கூரை இன்னொரு சிக்கல். சூடாக்கிக் குழாய்களை மறைக்க முழுக் கூரையையும் கீழே இறக்கிவிடுகிறார்கள். குழாய் போகும் வழியை மட்டும் பெட்டி போல் மூடி, அந்தத் தாழ்வு நடைபாதைக்கோ அலுமாரிக்கோ மேலே வரும்படி பார்த்தால் மற்ற இடமெல்லாம் உயரமாக இருக்கும். வாடகைக்கு விடும் தனிக் குடியிருப்பு என்றால் ஒன்ராறியோவில் 1.95 மீற்றர் உயரம் கேட்பார்கள். அம்மா அப்பா இருக்கப்போகிறார்கள் என்றால் படிக்கு இரண்டு பக்கமும் கைபிடி, மேலும் கீழும் ஒவ்வொரு சுவிட்ச், கட்டிலுக்குக் கிட்டவே குளியலறை.

கடைசியாக ரேடன். மண்ணிலிருந்து வெடிப்புகள் வழியே ஏறும் வாயு இது. மணமும் இல்லை, நிறமும் இல்லை. கனடாவில் புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு இதுவே காரணம். அளக்கும் கருவியைக் குளிர்காலத்தில் குறைந்தது 3 மாதமாவது கீழே வைக்க வேண்டும். கன மீற்றருக்கு 200 பெக்கரலுக்கு மேல் காட்டினால், தரை திறந்திருக்கும்போதே வெளியேற்றும் குழாயைப் போடுவது சுலபம். இந்தக் குளிருக்குக் கருவியை வைத்துவிட்டு, சுவர் வேலையை வசந்தத்தில் தொடங்குங்கள்.