தொலைவில் நின்ற தாய்

வானொலி மறையுரை: திருத்தூதர் புனித யாக்கோபு விழா, ஜூலை 25



திருத்தூதர் யாக்கோபின் விழாவான இன்று நாம் கேட்கும் நற்செய்தியில் ஒரு தாய் வருகிறார். செபதேயுவின் மனைவி. தம் மகன்கள் யாக்கோபையும் யோவானையும் அழைத்துக்கொண்டு ஆண்டவரிடம் வந்து பணிகிறார். அவர் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. இயேசுவின் ஆட்சி வரும்போது ஒரு மகன் வலப்பக்கமும் மற்றவன் இடப்பக்கமும் அமர வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம்.

இந்தத் தாயைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஏனென்றால் அவர் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டுமா? குழந்தைகளுக்கான மாவட்டச் செஸ் போட்டி நடக்கும் ஒரு பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

ஐந்து நாள்களுக்கு முன், ஜூலை 20, உலகச் செஸ் நாள். 1924-இல் அதே நாளில்தான் உலகச் செஸ் கூட்டமைப்பு பாரீசில் தொடங்கப்பட்டது. நம் தமிழகத்தில் செஸ் இன்று வீட்டு விளையாட்டாகவே ஆகிவிட்டது. 2022-இல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்தையே கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வண்ணம் தீட்டினார்கள். வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ சுவரெல்லாம் நின்று நம்மை வரவேற்றது. அதற்குப் பிறகு சின்னஞ்சிறு ஊர்களிலும் பிள்ளைகள் பலகையும் காய்களுமாக அலைகிறார்கள். மிக நல்லது. பொறுமையாக உட்காரவும், யோசித்துச் செய்யவும், தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற பொறுப்பையும் கற்றுத் தரும் விளையாட்டு அது.

போட்டி நடக்கும் அரங்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 7 வயதுக்குட்பட்டோர், 9 வயதுக்குட்பட்டோர் என வரிசையாக மேசைகள். கால் தரையைத் தொடாத குழந்தைகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரெதிரே இருப்பவர்கள் கைகுலுக்குகிறார்கள். கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டும். ஆட்டம் தொடங்கியதும் பெற்றோர் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். அம்மா அப்பா யாரும் ஒரு காயைக்கூட நகர்த்தித் தர முடியாது.

இனி அரங்கின் வாசலுக்கு வருவோம். ஆட்டம் முடிந்து ஒவ்வொரு பிள்ளையாக வெளியே வருகிறது. வாசலில் நிற்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “ஜெயிச்சியா?” பிள்ளை தலையைக் குனிந்தால் அடுத்த கேள்வி: “அந்தச் சின்னப் பொண்ணுகிட்டயா தோத்த?” சில அப்பாக்கள் படிக்கட்டிலேயே பலகையை விரித்து, எங்கே தவறு நடந்தது என்று விசாரணை தொடங்கிவிடுகிறார்கள். பிள்ளையின் கையில் பிஸ்கட் அப்படியே இருக்கிறது, கண்ணில் நீர் நிற்கிறது. அடுத்த சுற்றுக்கு இன்னும் இருபது நிமிடம்கூட இல்லை.

இந்தப் பெற்றோர் கெட்டவர்கள் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, இட்லி கட்டி, இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். பிள்ளை மீது கொள்ளை அன்பு வைத்திருப்பவர்கள். செபதேயுவின் மனைவியும் அப்படித்தான்.

ஆனால் ஒரு சின்னக் கணக்கைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட போட்டிகள் பெரும்பாலும் ‘சுவிஸ் முறை’யில் நடக்கின்றன. ஒரு போட்டிக்கு 128 குழந்தைகள் வருகிறார்கள், மொத்தம் 7 சுற்று, ஒரு ஆட்டமும் டிரா ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தவர்கள் ஜெயித்தவர்களோடு மோதுவார்கள். முதல் சுற்று முடிந்ததும் தோற்காதவர்கள் 64 பேர். பிறகு 32, பிறகு 16, பிறகு 8, 4, 2. ஏழாவது சுற்றின் முடிவில் ஒரே ஒரு குழந்தை. மற்ற 127 பேரும் ஒருமுறையாவது தோற்றுத்தான் வீட்டுக்குப் போவார்கள். இது யாருடைய திறமைக் குறைவும் அல்ல, கணக்கே அப்படித்தான். அப்படியானால், ஜெயிக்கிற பிள்ளையை மட்டும் ஏற்றுக்கொள்ளத் தெரிந்த பெற்றோர் 128 பேரில் 127 பேரைக் கைவிட்டுவிடுகிறோம், இல்லையா?

அதே சுவிஸ் முறையில் அழகான ஒன்றும் உண்டு. 1895-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் தொடங்கியதால் அதற்கு அந்தப் பெயர். அந்த முறையில் தோற்றவரை யாரும் வெளியே அனுப்புவதில்லை. முதல் சுற்றில் தோற்ற குழந்தைக்கும் இரண்டாம் சுற்றில் ஒரு மேசை காத்திருக்கும். தன்னைப் போலவே தோற்று வந்த இன்னொரு குழந்தை எதிரே உட்காரும். கடைசிச் சுற்றுவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் இடம் உண்டு. போட்டியின் விதியே பிள்ளைக்கு மறு வாய்ப்பு தருகிறது. வீடு தர வேண்டாமா?

நம் ஊர் விஸ்வநாதன் ஆனந்தை எல்லாருக்கும் தெரியும். ஆறு வயதில் தம் தாயிடம் செஸ் கற்றவர். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், ஐந்து முறை உலகச் சாம்பியன். அவர் அந்தப் பட்டத்தை இழந்தது எங்கே தெரியுமா? சென்னையில்! 2013 நவம்பரில், சொந்த ஊரில், சொந்த மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, மாக்னஸ் கார்ல்சனிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் தோற்றார். அதோடு அவர் கதை முடிந்தது என்று பலர் எண்ணினார்கள். நான்கே மாதத்தில், 2014 மார்ச்சில், கேண்டிடேட்ஸ் போட்டியில் முதலிடம் பெற்று மீண்டும் உலகப் பட்டத்துக்கு மோதும் தகுதி பெற்றார். அந்த முறையும் பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் பலகையை மூடிவைக்கவில்லை. இளையவர்களுக்கு வழிகாட்டத் தொடங்கினார். அப்படி அவரிடம் வழிகாட்டுதல் பெற்றவர்களில் ஒருவரான குகேஷ், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். தோற்கத் தெரிந்த ஒருவரின் நிழலில்தான் அந்த வெற்றியும் வளர்ந்தது.

செஸ் பற்றிப் பேசிய புனிதர் ஒருவரும் நமக்கு உண்டு. அவிலா நகர்ப் புனித தெரேசா. 16-ஆம் நூற்றாண்டில் தம் சகோதரிகளுக்கு இறைவேண்டலைக் கற்பிக்க அவர் செஸ் விளையாட்டையே உவமையாக எடுத்தார். அவர் காலத்துக்குச் சற்று முன்புதான் பலகையில் ராணிக்கு எல்லாத் திசையிலும் நெடுந்தூரம் செல்லும் வலிமை வந்திருந்தது. நம் ஆன்மிக வாழ்விலும் அப்படி ஒரு ராணி உண்டு, விண்ணக அரசரையே வசப்படுத்தும் அந்த ராணியின் பெயர் தாழ்ச்சி என்றார் தெரேசா. தாழ்ச்சி என்பது பலவீனமானவர்களின் ஆறுதல் பரிசு என்று நாம் நினைக்கிறோம். அவருக்கோ அது பலகையிலேயே வலிமை மிக்க காய். ஏழு வயதுக் குழந்தை தோற்ற பிறகு எழுந்து நின்று, எதிரே இருப்பவனுக்குக் கைகொடுக்கிறதே, அந்தக் கையில் அந்த ராணி இருக்கிறாள். கோப்பை வாங்கிய பிள்ளையைப் படம் எடுக்கிறோம். அந்தக் கையை யார் படம் எடுக்கிறோம்?

இப்போது நற்செய்திக்குத் திரும்புவோம். செபதேயுவின் மனைவியை இயேசு கடிந்துகொள்ளவில்லை. அவர் என்ன விரும்புகிறார் என்று பரிவோடு கேட்டார். பிறகு மகன்களைப் பார்த்து, தாம் குடிக்கப்போகும் கிண்ணத்தில் அவர்களால் குடிக்க இயலுமா என்று கேட்டார். துன்பக் கிண்ணம் அது. இயலும் என்றார்கள். சொன்னபடியே யாக்கோபு குடித்தார். ஏரோதின் வாளுக்கு இரையாகி, பன்னிருவருள் முதலாவதாகச் சாட்சியாக இறந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது.

அந்தத் தாய் என்ன ஆனார்? இதைப் பலரும் கவனிப்பதில்லை. மத்தேயு 27-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கல்வாரியில் ஆண்டவர் சிலுவையில் தொங்குகிறார். அவருக்கு வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர், இருவரும் கள்வர்கள். தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் பெயர்களைச் சொல்லி வரும் மத்தேயு, செபதேயுவின் மக்களுடைய தாயையும் சேர்த்துச் சொல்கிறார்! தாம் கேட்ட வலப்பக்கமும் இடப்பக்கமும் எப்படி இருக்கும் என்று அந்தத் தாய் அன்று தம் கண்ணால் கண்டார். ஆனாலும் ஓடிவிடவில்லை. எல்லாம் தோற்றுப்போனதாகத் தெரிந்த அந்த இடத்தில், எதையும் மாற்ற முடியாமல், நின்றார். ஆசனம் கேட்டு வந்த தாய், தோல்வியின் அருகே நிற்கும் தாயாக வளர்ந்துவிட்டார்.

அன்புப் பெற்றோரே, தாத்தா பாட்டிமாரே, அரங்கின் வாசலில் நிற்கும் உங்களுக்கு இறைவன் தரும் பணி இதுதான். உள்ளே போக முடியாது. காயை நகர்த்தித் தர முடியாது. தேர்வு அறையிலும், வேலை நேர்காணலிலும், நாளை அவர்கள் மணவாழ்விலும் அப்படியே. தொலைவில்தான் நிற்க முடியும். ஆனால் நிற்கலாம். வெளியே வரும் பிள்ளை முதலில் தேடுவது உங்கள் முகத்தைத்தான். அந்த முகத்தில் மதிப்பெண் பட்டியலைக் காட்டாதீர்கள். “சாப்பிட்டியா கண்ணு?” என்று கேளுங்கள். தண்ணீர் கொடுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவனே, அவளே பேசட்டும். தவறைத் திருத்த இரவு இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார். அழுவதற்கு ஒரு மடி அந்த நேரத்தில்தான் வேண்டும்.

பிள்ளை ஜெயித்து வந்தாலும் ஒன்று கேளுங்கள்: “உன்கூட ஆடின பிள்ளை அழுதுச்சா? ஏதாவது சொன்னியா?” அப்படிக் கேட்டு வளர்க்கப்படும் பிள்ளை, வெற்றியிலும் இன்னொருவரின் கண்ணீரைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். பெரியவராக இருக்க விரும்புபவர் தொண்டராக இருக்கட்டும் என்று ஆண்டவர் இன்று சொல்வதன் தொடக்கப் பாடம் அது.

மன்றாடுவோம். அன்பு இறைவா, எங்கள் பிள்ளைகளுக்கு வெற்றி தாரும் என்று கேட்கிறோம், அது தவறல்ல. ஆனால் அவர்கள் தோற்கும் நாளில் நாங்கள் விலகிப் போகாதிருக்கும் அருளையும் தாரும். புனித யாக்கோபே, அவருடைய அன்புத் தாயே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆமென்.