குழுவிற் சேர்த்தலும் சம்மதம் கேட்டலும்

(இலண்டனில் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நடைபெற்ற கணினிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எமது ஊர்களிற் கலியாணம் சொல்வதற்கு வீடு வீடாகச் செல்வார்கள். அட்டை மட்டும் தபாலில் வந்தால், "நேரில் வந்து சொல்லவில்லை" என்று மனம் நொந்து, வராமலே இருந்துவிடும் உறவினர்களை நீங்களும் அறிவீர்கள். அத்தகைய மக்களாகிய நாம், இன்று ஒருவரை அரட்டைக் குழுவிற் சேர்க்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்தக் குற்றத்தை நானும் செய்தவன் என்பதால் அதைப்பற்றிப் பேச வந்துள்ளேன்.

நான் தொண்டாற்றும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையொன்றில் கூகிள் சாட் குழுக்களைப் பயன்படுத்துகின்றோம். ஆண்டுதோறும் செப்டெம்பரில் வகுப்புகள் மாறும். அப்போது பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டெழுதிச் சேர்க்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடும். பொறியியல் படித்தவனுக்கு இது பொறுக்குமா? நிரல் ஒன்றை எழுதினேன்.

நிரலாக்க இடைமுகம் என்பது ஒரு மென்பொருளிடம் இன்னொரு மென்பொருள் வேலை சொல்வதற்கென விடப்பட்ட வாசலாகும். உறுப்பினரைச் சேர்க்கும் கட்டளைக்கு 'ஸ்பேசஸ்.மெம்பர்ஸ்.கிரியேட்' என்று பெயர். குழுவின் அடையாள எண்ணையும் சேரவேண்டியவரின் மின்னஞ்சல் முகவரியையும் அனுப்பினாற் போதும். முன்னதாக, உறுப்பினர் விவரங்களைக் கையாளும் அனுமதியை நிரலுக்கு வழங்கவேண்டும். அந்த அனுமதியை வழங்கியவன் நான். சேர்க்கப்படுபவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பட்டியலை நிரலிடம் கொடுத்தேன். தேநீர் ஆறுமுன்பே வேலை முடிந்தது. பெருமையாகவும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பதினான்கு வயது மாணவியொருத்தி என்னிடம் வந்தாள். "அங்கிள், என்னை ஏன் கேட்காமல் சேர்த்தனீங்கள்? என்ரை ஈமெயில் எல்லாற்றை அப்பாமாருக்கும் தெரியுது" என்றாள். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அன்றிரவு நிரல் பெற்ற மறுமொழிகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நிலை குறிக்கப்பட்டிருந்தது. பெற்றோர் பலருக்கு 'இன்வைட்டட்', அதாவது அழைக்கப்பட்டவர். பாடசாலைக் கணக்கு வைத்திருந்த மாணவர்களுக்கோ 'ஜாயின்ட்', அதாவது சேர்ந்துவிட்டவர். அழைப்புகளைத் தானாக ஏற்கும் அமைப்பு ஒருவரின் கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தால், அவருக்கு அழைப்பு மட்டுமே செல்லும். அவர் இசைந்த பின்னரே உள்ளே வருவார். அவ்வாறு நிறுத்தப்படாவிடின் நேரே சேர்க்கப்பட்டுவிடுவார். கூகிளின் ஆவணத்தில் இது தெளிவாக எழுதப்பட்டுள்ளது. நான்தான் அதைப் படிக்காமற் கடந்திருந்தேன். எவர்களிடம் முதலிற் கேட்டிருக்க வேண்டுமோ, அந்தப் பிள்ளைகளே கேட்கப்படாமற் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

இதை ஒரு சிறுமியின் சிணுங்கலென்று சிலர் எண்ணக்கூடும். 1983 யூலையிற் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்ததை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்பட்டியல் எரிப்பதற்காகத் தயாரிக்கப்பட்டதன்று, வாக்களிப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது. பெயர்களை ஓரிடத்திற் சேர்ப்பவன், அப்பட்டியல் பின்னர் எவர் கைக்குப் போகும் என்பதையும் எண்ணத்தான் வேண்டும். பிரித்தானியாவின் 2018 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இணையச் சேவைகளுக்குச் சம்மதம் பெறவேண்டிய இடத்தில், 13 வயது நிறைந்த பிள்ளை தானே அதை அளிக்கலாம் என்கின்றது. "நான் அப்பா, நான் சொன்னாற் போதும்" என்ற கதை இங்கு எடுபடாது.

ஏனைய நிறுவனங்களும் இச்சிக்கலை அறிந்தே உள்ளன. டெலிகிராமின் பொட் எனப்படும் தானியங்கி நிரல் எவரையும் குழுவுக்குள் இழுத்துவிட முடியாது. அழைப்பு இணைப்பை உருவாக்கலாம், சேர விரும்பி வருவோரை ஏற்கலாம், அவ்வளவே. வாட்சப் 2019 ஏப்ரலில், தம்மைக் குழுவிற் சேர்க்கக்கூடியவர் யார் என்பதைப் பயனரே தீர்மானிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அந்த அமைப்பை எத்தனைபேர் திறந்து பார்த்திருக்கிறீர்கள்? கை உயர்த்தவேண்டாம், இன்றிரவு வீட்டில் பாருங்கள்.

நான் செய்த மாற்றம் சிறியது. பட்டியலில் ஒரு நிரலைக் கூட்டினேன் (இது கணினி நிரலன்று, அட்டவணை நிரல், தமிழ் இந்த இடத்தில் எங்களைச் சற்றுச் சோதிக்கின்றது). அதில் அந்தப் பிள்ளையோ பெற்றோரோ தாமே "ஆம்" என்று எழுதியிருந்தால் மட்டுமே கட்டளை செல்லும். மாணவர்களுக்கு வேறு குழு அமைத்தோம். வெளிக் கணக்குகளை அனுமதிப்பதா என்பதைக் குழுவை உருவாக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும், பின்னர் மாற்ற இயலாது. ஆதலால் பழைய குழுவைத் திருத்த முனையாமற் புதிதாகவே தொடங்கினோம். விலக விரும்புவோரை நீக்கும் கட்டளையையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பட்டியல் நிரம்ப மூன்று சனிக்கிழமைகள் சென்றன. சிலர் "வேண்டாம்" என்றே எழுதினார்கள். அவர்களுக்குத் தாளில் அறிவித்தல் போகின்றது. அந்த மாணவி மாணவர் குழுவுக்கு மட்டும் "ஆம்" என்று எழிதித் தந்தாள்.

நிரலைப் பார்க்க விரும்பும் இளையோர் இடைவேளையின்போது என் மடிக்கணினி அருகே வரலாம்.