அஞ்சலையில் எத்தனை எழுத்து?

(மாலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் புள்ளி வைத்த எழுத்துகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். க், ங், ச், ஞ். பகலில் வங்கியில் கவுன்ட்டர் வேலை. சாயங்காலம் எங்கள் சேரியின் சமுதாயக்கூடத் திண்ணையில், ஒண்ணாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன். கவிதை எழுதுவதைவிட அது கஷ்டமான வேலை.

ஒருநாள், "உங்க அம்மா பேர எழுதுங்க" என்றேன். ஆறு வயசுப் பெண் ஒருத்தி சிலேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். 'அன்சல' என்று எழுதியிருந்தாள். நான் வாத்தியார் புத்தியில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, "அஞ்சலைன்னு எழுதணும்" என்றேன். அவள் விடவில்லை. "எங்கம்மாவ எல்லாரும் அஞ்சலன்னுதான மாமா கூப்புடறாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் காதில் ஒரு கோளாறும் இல்லை. பேச்சில் சொல்லின் கடைசியில் வரும் ஐகாரம் தேய்ந்துவிடும். மலை 'மல' ஆகும், வேலை 'வேல' ஆகும். இது சேரிக்கு மட்டும் உரிய பேச்சா? ஊர்த்தெருவிலும் 'மல'தான், அக்ரகாரத்திலும் 'மல'தான். காற்று என்று எழுதுகிற அத்தனை பேரும் வீட்டில் 'காத்து' வாங்குகிறார்கள். தெற்கே சாதி வித்தியாசம் இல்லாமல் 'பளம்' தின்கிறார்கள். எழுத்துத் தமிழைத் தாய்ப்பாலோடு குடித்துப் பிறந்த சாதி என்று ஒன்று இந்த மண்ணில் கிடையாது. அதை எல்லோரும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பையன் ழகரம் தப்பினால் வாத்தியார் சிரித்துக்கொண்டே திருத்துவார். நான் தப்பினால், "உங்க நாக்கு எங்கடா வளையப்போவுது" என்பார். ஒரே தப்பு. அவனுக்கு அது எழுத்துப் பிழை. எனக்கு அது பிறவிப் பிழை. நாக்கு எந்தத் தெருவில் பிறந்தாலும் வளையும், தோழர்களே. நுனியைப் பின்னால் மடித்து மேலண்ணத்தைத் தொட்டால் ள். தொடாமல் நிறுத்தினால் ழ். மேல்பல்லுக்குப் பின்னால் வைத்தால் ல். இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகும். அந்த ரெண்டு நிமிஷத்தை எனக்கு யாரும் தரவில்லை.

அப்படியானால் பிள்ளை எழுதினபடியே விட்டுவிடலாமா? தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: "பேச்சுமொழிதான நம்ம மொழி, அதை ஏன் திருத்தணும்?" நானும் கவிதையில் 'காத்து' என்று எழுதுகிறவன்தான். நான் எழுதினால் அது என் முடிவு. ஆறு வயசுப் பிள்ளை எழுதினால் அவளுக்கு வேறு வழி தெரியாது என்று அர்த்தம். ரெண்டும் தெரிந்தவளுக்குத்தான் எது வேண்டும் என்று முடிவெடுக்கிற அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தை நாம் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு மறுத்தால், வாத்தியார் செய்ததையே வேறு வார்த்தையில் செய்கிறோம்.

சரி, எப்படிச் சொல்லித் தருவது? நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்ட மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, எழுத்தின் பெயர் வேறு, சத்தம் வேறு. 18 மெய்யெழுத்தையும் 'இக், இங், இச்' என்றுதான் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பிறகு 'கல்' என்று எழுதிப் படிக்கச் சொல்கிறோம். பிள்ளை 'க', 'இல்' என்று கூட்டி, 'கயில்' என்கிறது. உடனே மக்கு என்கிறோம். நாம் சொல்லிக்கொடுத்ததைத்தானே அது கூட்டியது? அதனால் முழுச் சொல்லைச் சொல்ல வையுங்கள். "கல்ல்ல்... நாக்கு எங்க நிக்குது?" பிறகு 'பட்டம்'. "பட்... மூச்சு எங்க நிக்குது?" அங்கே புள்ளி வை. அகரத்தை எடுத்துவிட்டேன் என்பதற்கு அடையாளம்தான் புள்ளி.

இரண்டாவது, ஒரே எழுத்துக்குப் பல சத்தம். சட்டி, பச்சை, பஞ்சு மூன்றிலும் ஒரே ச, சத்தம் மூன்று. கல், பகல், பங்கு என்று க மாறுவதும் அப்படித்தான். இதற்கு விதி சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். பிள்ளையின் வாய்க்கு விதி ஏற்கெனவே தெரியும். தெரிந்த சொல்லைக் கொடுத்தால் சத்தம் தானாக வரும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்கு 'பட்டா' என்ற சொல்லை வைத்துப் பாடம் ஆரம்பித்தது இதனால்தான். நிலமில்லாதவனுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். நம் பிள்ளைகளுக்கு அம்மா பேர், கஞ்சி, பந்து, வண்டி.

மூன்றாவது, மூக்கெழுத்துகள். 'மூணுசுழி ண, ரெண்டுசுழி ன' என்று சுழியை எண்ணச் சொல்லித் தருகிறோம். எது எங்கே வரும் என்று சுழி சொல்லாது. பழைய பெயர்கள் சொல்லும்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ட-வுக்கு முன்னால் ண், வண்டி. த-வுக்கு முன்னால் ந், பந்து. ற-வுக்கு முன்னால் ன், கன்று. பெயருக்குள்ளேயே பாடம் இருக்கிறது. அதே மாதிரி க-வுக்கு ங், ச-வுக்கு ஞ், ப-வுக்கு ம்.

அந்தப் பெண்ணிடம் திரும்பப் போனேன். பெருக்கல் குறியை அழித்தேன். "ச சொல்ல நாக்கு எங்க போவுது? அங்கயே நிறுத்தி மூக்கால சொல்லு." சொல்லிப் பார்த்தாள். "கஞ்சியில வர்றது மாமா!" ஞ் வந்துவிட்டது. கடைசி எழுத்து பாக்கி. "அம்மாவக் கூப்புடச் சொல்லணும்னா எப்படிச் சொல்லுவ?" "அஞ்சலயக் கூப்புடு." "அந்த ய எங்கேருந்து வந்துச்சு? அமுதாவன்னா வ வருது, அஞ்சலன்னா ஏன் ய வருது? உள்ள ஐ ஒளிஞ்சிருக்கு." சிரித்துக்கொண்டே கொம்பு போட்டாள். அ, ஞ், ச, லை. நாலு எழுத்து.

எழுத்து நமக்கு யாரோ போட்ட பிச்சை இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' பத்திரிகை நடத்தினார். அயோத்திதாசர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' ஆரம்பித்தார். அச்சுக்கோத்தவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் நாக்கு வளையாது என்றார்கள்.

ஒன்றை ஒத்துக்கொண்டு முடிக்கிறேன். அதற்கு முந்தின வருஷம் அஞ்சலையக்கா பணம் எடுக்க என் கவுன்ட்டருக்கு வந்தது. சீட்டில் 'அஞ்சல' என்று கையெழுத்து. மாதிரிக் கையெழுத்தில் 'அஞ்சலை'. கணக்கு ஆரம்பித்த அன்று யாரோ கைபிடித்துப் போட வைத்தது. "கையெழுத்து ஒத்து வரலக்கா" என்று சீட்டைத் திருப்பினேன். எங்கள் தெரு அக்கா, நான் தூக்கி வளர்ந்த இடுப்பு. சட்டப்படி நான் செய்தது சரி. அக்கா சாட்சி வைத்துக் கைநாட்டு வைத்துவிட்டு, "பரவால்ல தம்பி, ரேக மாறாதுல்ல" என்று சொல்லிவிட்டுப் போனது.

போன மாசம் அக்கா திரும்ப வந்தது. மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கவுன்ட்டரில் நின்று 'ஞ்' எழுதும்போது மட்டும் வாய் அசைந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அவசரப்படுத்தவில்லை. நாலு எழுத்தும் ஒத்து வந்தது. பணத்தை ரெண்டு தரம் எண்ணிக் கொடுத்தேன்.

நாளைச் சாயங்காலம் உங்கள் பிள்ளைகளை அம்மா பேரை எழுதச் சொல்லுங்கள். தப்பு வரும். பெருக்கல் குறி போடாதீர்கள். நாக்கு எங்கே நின்றது என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.