சாட்சி சொல்லும்போது எதை விட்டுடுறோம்?

"கிறிஸ்தவர்னு சொல்றீங்க, ஆனா அதைப் பத்திப் பேசவே மாட்டேங்கறீங்களே"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. இன்னிக்கு அதைப் பேசலாம்.

எனக்குச் சொந்த ஊர் ஆரணிப் பக்கம் பெரணமல்லூர். வீட்டுக்குள்ளேயே தறி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா பக்கத்துல உட்கார்ந்து தார் சுத்துவேன். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, ஆராதனைக்குப் போவோம். அங்கே சிலர் எழுந்து சாட்சி சொல்வாங்க. நோய் வந்தது, ஜெபிச்சோம், சுகமாச்சு. கடன் இருந்தது, ஜெபிச்சோம், அடைஞ்சுது. நான் கேட்ட சாட்சி எல்லாம் நல்லபடியாத்தான் முடிஞ்சுது.

எங்க வீட்டுக் கதை அப்படி முடியலை. பட்டு நூல் விலை ஏறிச்சு, நெசவுக் கூலி ஏறலை. அப்பா தறியைப் பிரிச்சு வித்துட்டு, சென்னைக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலைக்கு வந்தார். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. எங்க வீட்ல தறி இல்லை.

இதை எழுதி அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "வெளியில காட்டாதேப்பா. நம்ம ஆண்டவர் கைவிட்டுட்டார்னு பேசுவாங்க"ன்னாங்க. அப்படியே மூடி வெச்சுட்டேன்.

தன் கதையை விசுவாசத்தோட சேர்த்து எழுதுறது புதுசு இல்லை. சுமார் 1,600 வருஷத்துக்கு முன்னாடி அகஸ்டின் எழுதினார். சின்ன வயசுல பேரிக்காய் திருடினதைக் கூட மறைக்கலை. ஆனா எனக்குத் துணையா வந்த புத்தகம் நம்ம தமிழ்ல இருக்கு: பாமாவோட 'கருக்கு'.

பாமா கன்னியாஸ்திரியா இருந்தவங்க. மடத்துல ஏழு வருஷம் இருந்துட்டு, 1992ல வெளியே வந்தாங்க. அதே வருஷம் 'கருக்கு' வந்தது. கருக்குன்னா பனை மட்டையோட ஓரத்துல ரம்பம் மாதிரி இருக்குமே, அது. ரெண்டு பக்கமும் அறுக்கும். பைபிள்ல எபிரெயர் நிருபத்துல கடவுளோட வார்த்தையை இருபுறமும் கூர்மையான பட்டயத்தோட ஒப்பிடுற இடம் இருக்கு. அந்தத் தொடர்பையும் மனசுல வெச்சுத்தான் அந்தத் தலைப்பு.

சாதி ஊருக்குள்ள மட்டும் இல்லை, கோயிலுக்குள்ளயும் இருந்ததுன்னு பாமா எழுதினாங்க. கல்லறைத் தோட்டம்கூட தலித் கிறிஸ்தவங்களுக்குத் தனி. இதையெல்லாம் பேச்சுத் தமிழ்லயே எழுதினாங்க. சொந்த ஊர்க்காரங்களுக்கே கோபம் வந்து, சில மாசம் ஊருக்குள்ள போக முடியாம இருந்தாங்க. பிறகு அவங்களே அதைத் தங்களோட கதைன்னு புரிஞ்சு ஏத்துக்கிட்டாங்க. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் பண்ணின ஆங்கில மொழிபெயர்ப்பு 2000ல வந்து, கிராஸ்வேர்ட் விருதும் வாங்கிச்சு.

பாமா பட்ட வலியும் எங்க வீட்டு வலியும் ஒண்ணு இல்லை. அது எனக்குத் தெரியும். நான் அவங்ககிட்ட எடுத்துக்கிட்டது ஒண்ணுதான்: உண்மையைச் சொன்னா கடவுளுக்கு அவமானம் வராது. சங்கீதம் 88 எடுத்துப் பாருங்க. முழுக்கப் புலம்பல். கடைசி வரியில கூட ஆறுதல் இல்லை. ஆனாலும் அது வேதத்துக்குள்ளதான் இருக்கு; யாரும் அதைக் கிழிச்சுப் போடலை.

போன மாசம் ஊருக்குப் போனப்போ அதை அம்மாகிட்ட வாசிச்சேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க: "தறியைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு நான் ஜெபம் பண்ணலை. எட்டு நாள் பண்ணலை. அதையும் எழுதிக்கோ."

எழுதிட்டேன். கடைசியில ஒரு நன்றி வாக்கியம் சேர்க்கணும்னு கை பரபரத்தது. சேர்க்கலை.

நீங்களும் வீட்டுக் கதையை எழுதுறீங்கன்னா, அந்தக் கதையில இருக்கிறவங்ககிட்ட முதல்ல வாசிச்சுக் காட்டுங்க. அவங்க வேண்டாம்னா காத்திருங்க. நீங்க விட்டது என்னன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.