ஒரே பானையும் ஒழுங்கான கணக்கும்

 

ஈச்சிலம்பற்று, தோப்பூர், மூதூர் ஆகிய நமது பகுதிகளிலிருந்து தொழிலுக்காகவும் கல்விக்காகவும் இளைஞர்கள் கொழும்பு செல்கின்றனர். மருதானையிலும் தெமட்டகொடையிலும் ஓர் அறையை நால்வர் ஐவராகப் பகிர்ந்து தங்குகின்றனர். மாதம் பாதியாகுமுன் கை வெறுமையாகி விடுகின்றது. எங்கே போயிற்று என்று உம்மா கேட்டால், சாப்பாட்டுக்கே போயிற்று என்பதுதான் பதில்.

அது பொய்யன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 சதவீதம் உயர்ந்திருந்தன. பின்னர் விலையேற்றத்தின் வேகம் தணிந்ததேயன்றி, ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஆயினும், ஒரே அறையிலிருப்போர் நான்கு சோற்றுப் பார்சல்களும் நான்கு சிறிய பால்மாப் பக்கெட்டுகளும் தனித்தனியே வாங்குவதற்கு விலைவாசியை மட்டும் குறைகூற இயலுமா?

அஷ்அரீ கோத்திரத்தாரைப் பற்றி அபூ மூஸா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. உணவு குறைந்துவிட்டால், அவர்கள் தம்மிடமுள்ளதை ஒரே துணியில் ஒன்றுசேர்த்து, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். நபி (ஸல்) அவர்கள் அத்தகையோரைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்றே பாராட்டினார்கள். இந்த ஹதீஸைக் கூறும் நாம், ஒன்றுசேர்த்ததைப் பேசுகிறோம்; அளந்ததை மறந்து விடுகிறோம்.

முதலில் ஒன்றுசேர்ப்பதைப் பார்ப்போம். அரிசி, பருப்பு, சீனி, வெங்காயம், கருவாடு போன்றவை சில நாட்கள் இருந்தாலும் கெடாதவை. சம்பளம் கிடைத்ததும் இருவர் புறக்கோட்டைக்குச் சென்று, நான்காம் குறுக்குத் தெருவில் மொத்தமாக வாங்கலாம். மரக்கறி அவ்வாறன்று. மெனிங் சந்தை இப்போது பேலியகொடையில் இருக்கின்றது. அது மொத்த வியாபாரச் சந்தை. குளிர்சாதனப் பெட்டியில்லாத அறைக்கு அங்கிருந்து மூட்டையாக மலிவுக்கு வாங்கிவந்து பாதியை அழுகவிட்டால், அது சிக்கனமன்று, வீண்விரயம். பக்கத்து அறையினரும் சேர்ந்து அன்றே பிரித்துக்கொள்வதாயின் செல்லுங்கள். இல்லையேல் அருகிலுள்ள சந்தையில் இரண்டு நாட்களுக்குப் போதுமானதை வாங்குங்கள். பஸ் கட்டணத்தையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய் மிச்சம்பிடிக்க முப்பது ரூபாய் செலவழிப்போரை நாம் கண்டிருக்கிறோம்!

இனி அளப்பதற்கு வருவோம். கூட்டுச் சமையல் பெரும்பாலும் விலைவாசியால் முறிவதில்லை, கணக்கால்தான் முறிகின்றது. ஒருவர் பணம் கொடுக்கத் தாமதிக்கிறார். ஒருவர் இரு வாரம் ஊரில் நின்றுவிட்டு முழுப் பங்கும் ஏன் தரவேண்டும் என்கிறார். ஒருவரின் விருந்தினர் நான்கு நாட்கள் தங்குகிறார். வெட்கத்தால் எவரும் வாய்திறப்பதில்லை. மனத்தில் மட்டும் கசப்பு வளர்கின்றது. கூட்டாளிகளில் பலர் ஒருவருக்கொருவர் அநீதி இழைப்பதாக ஸாத் அத்தியாயத்தில் தாவூத் (அலை) அவர்களின் வரலாற்றினூடே அல்லாஹ் எச்சரிக்கின்றான். இது வியாபாரக் கூட்டுக்கு மட்டும் உரியதென எண்ண வேண்டாம். ஆகவே ஒரு கொப்பி வையுங்கள். வாங்கிய பொருள், விலை, வாங்கியவர், சாப்பிடாத வேளை யாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். விருந்தினருக்கான முறையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இயலாதவரின் பங்கை மற்றவர்கள் சுமப்பது ஸதகாவாகும். ஆனால் அதை அவர்கள் மனமுவந்து செய்ய வேண்டும், ஏமாந்து செய்யலாகாது.

சேர்ந்து உண்பதும் தனித்து உண்பதும் குற்றமில்லை என்பது அந்நூர் அத்தியாயத்தின் தெளிவு. எனவே கூட்டில் சேராத தோழனை எவரும் இழிவாகப் பேசக் கூடாது.

பெற்றோர்களே! மகன் விடுமுறையில் வந்து திரும்பும்போது வீட்டு அரிசியையும் மிளகாய்த் தூளையும் கட்டிக்கொடுங்கள். மகனுக்கு ஆணம் காய்ச்சவும் கற்றுக்கொடுங்கள். சமைப்பது பெண்பிள்ளைகளின் வேலை என்று வளர்த்துவிட்டு, கொழும்பில் கடைச்சோற்றுக்குக் காசு போகின்றது என்று வருந்துவது முறையன்று. ஒருவர் அறையை விட்டுச் செல்லும் நாளில் அந்தக் கொப்பியைத் திறந்து, எஞ்சியுள்ள அரிசியிலும் அவருடைய பங்கை அளந்து கொடுத்தனுப்புங்கள்.