மூன்றாம் வகுப்பு வரைந்த ஊர்ப்படம்

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"கல்வியும் சாதியும்" என்று தோழர்கள் தலைப்புக் கொடுத்தார்கள். எனக்கு அது பெரிய தலைப்பு. நான் ஒரு ஈராசிரியர் பள்ளியில் ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் பாடம் எடுக்கிறவள். அதனால் இந்த வாரம், திங்களிலிருந்து நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை வரை, என் வகுப்பில் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் நாளைக்கும் அங்கேதான் படிக்க வேண்டும். வட மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வகுப்பும் சேர்த்து 23 பிள்ளைகள். ஊரிலிருந்து 14, காலனியிலிருந்து 9. பள்ளிக்கூடம் ஊர்ப் பக்கம் இருக்கிறது. நடுவில் ஏரிக்கரை.

2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் மீட்பதற்காக வந்தது. பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திங்கட்கிழமை பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து, குழுவாரியாகப் பாயில் உட்கார வைத்தேன். உட்கார்ந்த பிறகு பார்க்கிறேன், அரும்பில் ஏழு பேர். அதில் ஐந்து பேர் காலனிப் பிள்ளைகள்.

நான் சாதி பார்த்துப் பிரிக்கவில்லை. படிக்கச் சொல்லிப் பார்த்துத்தான் பிரித்தேன். ஆனால் பாயைப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. 2023இல் நாங்குநேரியில் அந்த மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு, அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்களை அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்பது அதில் ஒரு பரிந்துரை. பெயர் வரிசையில் உட்கார வைத்தால் என் வகுப்பு கலந்துவிடுகிறது. திறன் வரிசையில் உட்கார வைத்தால் பழையபடி ஊர் வேறு, காலனி வேறு.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. ஜனவரியில் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடுகிறார்கள். முன்பணம் வாங்கியாயிற்று, பிள்ளையை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆளில்லை. ஜூனில் திரும்பி வருகிறார்கள். அரைவருடப் படிப்பு போய்விடுகிறது. 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியார் இயக்கம் எதிர்த்தது. காமராஜர் முதல்வரானதும் 1954இல் அதைக் கைவிட்டார்கள். என் அரும்புக் குழுவைப் பார்க்கும்போது அது முழுக்கக் கைவிடப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை கழித்தல். புளியங்கொட்டையை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். அரும்புக் குழுவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. தாளில் 52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு ஏதோ தோன்றி, "சூளையில கல்லு எப்படிப்பா எண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக அடுக்கினாள். ஆயிரம் கல்லுக்குத்தான் கூலி என்றாள். பிறகு ஒரு பிடியை எடுத்துத் தனியாக வைத்தாள். "இது எதுக்கு?" என்றேன். "மழையில கரைஞ்சது டீச்சர். அதக் கழிச்சிட்டுத்தான் காசு குடுப்பாங்க."

அவளுக்குக் கழித்தல் தெரியும். நம் யாரையும்விட நன்றாகத் தெரியும். மழையில் கரைந்தது அவள் அம்மாவின் ஒருநாள் உழைப்பு, அது ஏன் அம்மாவின் கணக்கில் கழிகிறது என்பதற்கு மட்டும் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. அன்று மாலை அவளை மொட்டுக்கு மாற்றினேன். கணக்கில் மட்டும். எழுத்தில் இன்னும் அரும்புதான்.

புதன்கிழமை காலை உணவில் பொங்கல், சாம்பார். எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சமைக்கிற அக்கா யார் என்று எங்கள் பள்ளியில் இதுவரை யாரும் பிரச்சினை செய்யவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. 2023இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைத்ததை எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று சொல்லி, மாவட்ட ஆட்சியரே நேரில் போய்ச் சாப்பிட வேண்டியிருந்தது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கிய மண் இது.

அன்று மதியம்தான் ஊர்ப்படம். வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிற வழியை வரையுங்கள் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். வியாழக்கிழமை எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒட்டி, ஒரே படமாக்க வேண்டும் என்பது திட்டம். ஒட்ட முடியவில்லை.

ஊர்ப் பிள்ளைகள் 14 பேரும் கோயில், பால் சொசைட்டி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் வரைந்திருந்தார்கள். பள்ளியோடு படம் முடிந்துவிடுகிறது. ஒருவன் மட்டும் ஓரத்தில் ஒரு மரம் போட்டு "அந்தாண்ட" என்று எழுதியிருந்தான். காலனிப் பிள்ளைகள் 9 பேரின் படத்திலும் அவர்கள் தெருவும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்தத் திண்ணைப் பாட்டி திட்டும், எல்லாம் இருக்கிறது. ஊரை ஊர்ப் பிள்ளைகளைவிட நன்றாக வரைந்திருந்தார்கள். ஆனால் ஒன்பது படத்திலும் வழி ஓரிடத்தில் வளைந்து சுற்றிப் போகிறது. கோயில் தெரு வழியாக நேரே வந்தால் பாதி தூரம்தான்.

"ஏம்மா சுத்திப் போட்டிருக்க?"

"அப்படித்தான் டீச்சர் வருவோம்."

"யாரு அப்படி வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல டீச்சர்."

எட்டு வயது. அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். வீட்டிலிருந்து கொண்டுபோகிற சாக்குத் துணி, பியூன் வந்தால்தான் தண்ணீர். அவருக்குச் சொல்வதற்கு ஒரு பியூன் இருந்தார். இந்தப் பிள்ளைக்கு யாருமே எதுவும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு இன்னொன்று உறைத்தது. நான் வரைந்தால் என் படம் எப்படி இருக்கும்? பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம். அவ்வளவுதான். நான் காலனியில் பிறந்தவள் இல்லை. இந்தப் பள்ளிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. காலனிக்குள் போயிருக்கிறேன், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க. அந்தத் தெருவில் எத்தனை ஓட்டு என்று எனக்குத் தெரியும். என் மாணவி எந்த இடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று தெரியாது.

அதனால் வெள்ளிக்கிழமை எல்லோரும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து படத்தை முடிப்போம் என்றேன். பிள்ளைகள் குதித்தார்கள். செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. சாயங்காலமே இரண்டு பேர் வந்தார்கள். சத்தமெல்லாம் இல்லை. சாதி என்ற சொல்லே வரவில்லை. "வெயில்ல எதுக்கு டீச்சர், ஏரிக்கரையில பூச்சி பொட்டு இருக்கும். எங்க தெருப் பக்கம் கூட்டிக்கினு வாங்க, மோர் குடுக்கிறோம்." தலைமையாசிரியர் நல்லவர். அவர் பிறகு தனியாகச் சொன்னார்: "வேணாம்மா. நாலு பேர் டிசி வாங்கிட்டு வேன்ல போற ஸ்கூலுக்குப் போய்ட்டா, நாம என்ன பண்றது?" அவர் பயம் பொய்யில்லை. எண்ணிக்கை குறைந்தால் முதலில் அடிபடுவது எங்களைப் போன்ற பள்ளிதான். அது மூடினால் வேனுக்குக் காசு கட்ட முடியாத 9 பேர் எங்கே போவார்கள்?

இருந்தாலும் போனோம். வெள்ளிக்கிழமை ஊர்ப் பிள்ளைகளில் எட்டுப் பேர் வரவில்லை. மீதி ஆறு பேரும் காலனிப் பிள்ளைகள் ஒன்பது பேரும், ஆக 15 பேர். செங்கல் கணக்குப் போட்டவள்தான் முன்னால் நடந்தாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, அன்றைக்கு வாய் ஓயவில்லை. இது எங்க டேங்க், இது பெரியம்மா வீடு, இங்கதான் நான் எழுதுவேன். ஒரு வாசற்படி, மேலே தெருவிளக்கு. அவள் பாட்டி வேகவைத்த வேர்க்கடலை கொடுத்தார். 'அந்தாண்ட' என்று எழுதிய பையன் இரண்டு கை நிறைய வாங்கிக்கொண்டான்.

திரும்பி வரும்போது கோயில் தெரு முனை. ஊர்ப் பிள்ளைகள் ஆறு பேரும் பழக்கத்தில் நேரே திரும்பினார்கள். ஒன்பது பேரும் நின்றுவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

நேரே கூட்டிப் போனேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசைதான். போகவில்லை. நாலரைப் பேருந்தில் நான் கிளம்பிவிடுவேன். ராத்திரி யாராவது போய் அந்தப் பாட்டி வீட்டு வாசலில் நின்று கேட்டால், பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன். அப்படி நினைத்துக்கொண்டேன். அது அக்கறையா, கோழைத்தனமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டாவது போயிருக்கலாம். கேட்காமல் நானே முடிவு செய்தது தவறு. 15 பேரையும் சுற்றுவழியிலேயே கூட்டி வந்தேன். பாதி வழியில் அந்த வேர்க்கடலைப் பையன் சத்தமாகக் கேட்டான், "ஏன் டீச்சர் சுத்திப் போறோம்?" காலனிப் பிள்ளைகள் யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. நான், திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

படம் இப்போது சுவரில் இருக்கிறது. அடியில் இன்னொரு சார்ட் தாளை ஒட்டிக் காலனியைச் சேர்த்திருக்கிறோம். கோயில் தெருவை மட்டும் பென்சிலில் விட்டுவைத்திருக்கிறேன். வராத எட்டுப் பேரில் எத்தனை பேர் நாளைக்கு வருவார்கள் என்று தெரியவில்லை. அந்தப் பையன் கட்டாயம் வருவான், வந்ததும் கேட்பான். ஏழு வயதுப் பையனுக்கு, அந்த ஒன்பது பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதை எப்படிச் சொல்வது என்று உங்களில் யாருக்காவது யோசனை இருந்தால் இப்போதே சொல்லுங்கள். ஐந்தரைக்கு எனக்குப் பேருந்து.